மருந்து ஏற்றுவது ஒரு நாள், வீட்டில் இருப்பது 20 நாள்

புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்து பெரும்பாலானவர்களுக்கு 21 நாளுக்கு ஒரு முறை ஏற்றப்படும். சிலருக்குக் கிழமைக்கு ஒன்று, சிலருக்கு 14 நாளுக்கு ஒன்று. 21 நாள் கணக்கை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு நாள்தான் டொக்டரும் மிஸிமாரும் பக்கத்தில் நிற்கிறார்கள். மிச்ச 20 நாளும் முள்ளியவளையிலோ தருமபுரத்திலோ நெடுங்கேணியிலோ உள்ள வீட்டில், கிணற்றடியும் குசினியும் கட்டிலுமாகக் கழிகிறது. ஆபத்து பெரும்பாலும் அந்த 20 நாளுக்குள்தான் வருகிறது. வீட்டில் பார்க்கிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியதை அதனால்தான் நாள் கணக்கில் எழுதுகிறேன். உங்கள் வருத்தக்காரருக்கு டொக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். புற்றுநோய் ஒன்றல்ல, மருந்தும் ஒன்றல்ல.

வன்னிக்குக் கிட்ட உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரி யாழ்ப்பாணப் பக்கத்தில், தெல்லிப்பழையில் இருக்கிறது. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபவனியில் சேர்ந்த பணம் அதைக் கட்டத்தான் போனது. சிலரைக் கொழும்புப் பக்கத்தில் உள்ள மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள். முல்லைத்தீவில் இருந்து தெல்லிப்பழைக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியில் இருந்து மகரகமை 300 கிலோமீற்றருக்கு மேல். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லை. காசு கரைவது பாதையிலும், துணைக்குப் போகிறவரின் சாப்பாட்டிலும், அன்றைக்கு விடுபட்ட கூலியிலும்தான். ஒரு தடவை போய் வெறுங்கையோடு திரும்பினால் அந்தச் செலவு இரட்டிப்பாகும். வெறுங்கையோடு திரும்ப வைப்பது அநேகமாக இரண்டு காரணம்: இரத்தப் பரிசோதனை சரியில்லை, அல்லது கடதாசி இல்லை.

கடதாசிக்கு வீட்டில் ஒருவர் மட்டும் பொறுப்பாக இருக்க வேண்டும். நாலு பேர் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பில்லை. தண்ணீர் போகாத ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் கிளினிக் புத்தகம், டயக்னோசிஸ் கார்ட், பயோப்சி ரிப்போட், ஸ்கான் படங்களும் சிடியும், இரத்த ரிப்போட்டுகள் திகதி வரிசையில், அடையாள அட்டைப் பிரதி. பயோப்சி ரிப்போட்டுக்கு மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கார்த்திகை மழையில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறும் இடங்களில் இருப்பவர்களுக்கு இது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாப் பக்கத்தையும் ஃபோனில் படம் பிடித்தும் வையுங்கள்.

எங்கள் பக்கத்துச் சனத்துக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. உடம்புக்குள் யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டோ துவக்குச் சன்னமோ இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதும் டொக்டரிடமும் ஸ்கான் எடுக்கும் இடத்திலும் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. மெசின் பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு அதற்குள் அசையலாம், சூடேறலாம். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குக் கிட்ட இருந்தால் பெரிய சேதம் வரும். 2009இல் பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது, வலியில்லை, அதனால் ஞாபகமே வருவதில்லை. சிலர் அதைப் பற்றிக் கதைக்க விரும்பாமல் விடுகிறார்கள். அது எப்படி வந்தது, எங்கே நின்றபோது பட்டது என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். முதலில் சாதாரண எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாக வேறு ஸ்கான் எழுதுவார்கள். கிளினிக் புத்தகத்தின் முன் மட்டையிலேயே "உடலில் உலோகத் துண்டு உண்டு, இடது தோள்" என்ற மாதிரி எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருந்து ஏற்றும் நாளுக்கு முதல் நாளோ அதற்கு முதல் நாளோ எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். அதைக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ செய்துகொண்டு வரலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வரலாம் என்றால் ஒரு பயணம் மிச்சம். ரிப்போட்டில் நியூட்ரோபில் (கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலம்) 1500க்குக் கீழே, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவுவது) ஒரு இலட்சத்துக்குக் கீழே என்றிருந்தால் பெரும்பாலும் ஒரு கிழமை தள்ளிப்போடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் வெளிக்கிட முதல் கிளினிக்குக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கள். தள்ளிப்போட்டார்கள் என்பதற்காக வருத்தம் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. உடம்பு அடுத்த மருந்தைத் தாங்க இன்னும் கொஞ்ச நாள் கேட்கிறது, அவ்வளவுதான். இதை வருத்தக்காரருக்கு அதே இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தனக்குள் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வருவார்.

அன்று காலை வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் தவிர. இடியப்பமும் சொதியும், அல்லது பாணும் வாழைப்பழமும் என்று இலேசாகச் சாப்பிட்டால் போதும். கை விரல் நுனி வரை இழுத்து மூடிய சட்டை வேண்டாம், ஊசி குத்த இலகுவான அரைக்கைச் சட்டை. போகும் வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் நரம்பு இலகுவாக அகப்படும். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ, வீங்கினாலோ, சிவந்தாலோ அந்த நிமிடமே மிஸியைக் கூப்பிட வேண்டும். எங்கள் பெரியவர்கள் "பரவாயில்லை, பொறுக்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். இந்த இடத்தில் பொறுமை கூடாது. சில மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும். துணைக்குப் போனவரை உள்ளே விட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

திரும்பும் பயணத்துக்கு ஒரு சின்னப் பை: இரண்டு மூன்று தடித்த பொலித்தீன் பை, ஒரு துவாய், ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர், தேசிக்காய் ஒன்று, உப்பு பிஸ்கற். பஸ் என்றால் முன் பக்கச் சீற். பரந்தனில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டியவர்கள், அந்த இடத்திலாவது ஊரில் இருந்து ஒருவர் ஓட்டோவோ வாகனமோ கொண்டுவந்து ஏற்றினால் பெரிய உபகாரம். "ஏதும் உதவி வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்று படலையடியில் சொல்லிவிட்டுப் போகும் உறவுக்காரருக்குக் கொடுக்கக்கூடிய நல்ல வேலை அது. பொழுதுபட்ட பிறகு யானை இறங்கும் பாதையில் மோட்டார் சைக்கிளில் மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். யானை ஒரு பக்கம் இருக்க, மயக்கமும் சத்தியும் உள்ளவர் பின்னால் பிடித்துக்கொண்டு இருக்க மாட்டார்.

முதல் மூன்று நாள் சத்தியின் நாட்கள். சத்தி நிற்பாட்டும் மாத்திரையைச் சத்தி வந்த பிறகு கொடுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் பிழை. எழுதிய நேரத்துக்கு, சத்தி இல்லாவிட்டாலும், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் கொடுக்க வேண்டும். சத்திக்குத் தரும் ஒண்டன்செற்றோன் மாத்திரை மலத்தை இறுக்கும். அதனால் அந்த நாட்களில் பப்பாசிப்பழம், தண்ணீர், தேவையென்றால் டொக்டர் தரும் மலமிளக்கி. டெக்சாமெதசோன் என்ற ஸ்டீறொயிட் மாத்திரை தந்திருந்தால் சாப்பிட்ட பிறகு, காலையிலும் மதியத்திலும் என்று முடித்துவிட முடியுமா எனக் கேளுங்கள். பின்னேரம் கொடுத்தால் விடிய விடிய நித்திரை வராது. சீனி வருத்தம் உள்ளவருக்கு அது சீனியை ஏற்றிவிடும், அந்த நாட்களில் குத்திப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து தடவைக்கு மேல் சத்தி எடுத்தால், அல்லது 24 மணித்தியாலமாகத் தண்ணீர் கூட வயிற்றில் தங்காவிட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

ஏற்றிய மருந்து சிறுநீர், மலம், சத்தி வழியாக வெளியே போகும். குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு இவற்றை வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள். கழுவித் துடைக்கும் வேலையைக் கர்ப்பிணிகள் செய்யக் கூடாது. வாளியால் தண்ணீர் ஊற்றும் மலசலகூடம் என்றால் ஒரு வாளிக்கு இரண்டு வாளி. ஆண்களும் இருந்து போவது நல்லது, தெறிக்காது. சத்தி பட்ட சாரம், படுக்கை விரிப்பை மற்ற உடுப்போடு ஊற வைக்காமல் தனியாக இரண்டு தரம் தோய்த்து, அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் மலசலகூடத்துக்குள்ளே ஊற்றுங்கள். இதற்காக வருத்தக்காரரைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. புற்றுநோய் தொற்றாது. ஒரே கோப்பையில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையைக் கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். டொக்சோறூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்றியவருக்கு ஒரு நாள் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது இரத்தமில்லை. ஒக்சாலிபிளாற்றின் ஏற்றியவர் சில நாள் குளிர்ந்த எதையும் தொடவோ குடிக்கவோ கூடாது, தொண்டை இறுகுகிற மாதிரி வரும், விரல் விறைக்கும். அவருக்கு ஐஸ் தண்ணீர் நீட்டும் அன்பான உறவினருக்கு இதை முதலே சொல்லி வையுங்கள்.

இனி ஏழாம் நாளில் இருந்து பதினாலாம் நாள் வரை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மருந்து புற்றுநோய்க் கலங்களை அடிக்கும்போது எலும்பு மச்சையையும் அடிக்கிறது. கிருமியோடு சண்டை பிடிக்கும் வெள்ளைக் கலங்கள் இந்த ஒரு கிழமையில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது ஆள் பார்வைக்கு நன்றாக இருப்பார். சத்தி நின்றிருக்கும், சாப்பிடத் தொடங்கியிருப்பார். வீட்டுக்காரர் "அப்பாடா" என்று இருக்கும் நேரம். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலே இல்லை. சில மணித்தியாலத்தில் கிருமி இரத்தத்தில் பரவி ஆளைக் கொண்டுபோய்விடும்.

டிஜிற்றல் தெர்மோமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது கணக்கில் வராது. நாக்குக்குக் கீழே வைத்து, வாயை மூடி, சத்தம் வரும் வரை. தேத்தண்ணி குடித்து 15 நிமிடம் கழித்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேத்தண்ணியின் சூட்டைத்தான் காட்டும். கமக்கட்டில் வைத்தால் அரைப் பாகை அளவு குறைவாகக் காட்டும், அதையும் கணக்கில் எடுங்கள். காலையும் பின்னேரமும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 38 பாகை, அதாவது பழைய கணக்கில் 100.4, வந்தால் அது ஆஸ்பத்திரிக் காய்ச்சல். பனடோல் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்ற இரண்டும் கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. நடுக்கம், குளிர், திடீர்ச் சோர்வு, பிதற்றல், மூச்சு வாங்குதல் இருந்தால் தெர்மோமீட்டர் 37 என்று காட்டினாலும் போங்கள். டெக்சாமெதசோன் குடிப்பவருக்குக் காய்ச்சல் ஏறாமலேயே தொற்று வரலாம்.

தெல்லிப்பழை வரை ஓடத் தேவையில்லை. கிட்ட உள்ள பெரியாஸ்பத்திரிக்கு: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எது கிட்டவோ அது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஒழுங்கைக்குள் உள்ள வீடு என்றால் ஒருவரை றோட்டு முகப்பில் ரோச் லைற்றோடு நிற்பாட்டுங்கள். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் வரிசையில் நம்பர் எடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போய், வாய் திறந்தவுடன் சொல்ல வேண்டிய வசனம் இது: "கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், 38.4 காய்ச்சல், வெள்ளைக் கலம் குறைவாக இருக்கலாம்." காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் டெங்கு வரிசையில் இருத்திவிடலாம். வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழியாக அன்ரிபயோற்றிக் தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. ஒரு அட்டையில் வருத்தத்தின் பெயர், ஏற்றிய மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய திகதி, ஒத்துக்கொள்ளாத மருந்து, தெல்லிப்பழைக் கிளினிக்கின் தொலைபேசி எண் இவ்வளவையும் எழுதி வருத்தக்காரரின் தலையணைக்குக் கீழே வைத்தால், இரவு ஒரு மணிக்குப் பதற்றத்தில் நிற்கும் மகளுக்கோ மருமகனுக்கோ யோசிக்க வேண்டி வராது.

இதே கிழமையில் பிளேட்லெட்டும் இறங்கும். புறூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் போன்ற வலி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் அமத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு இரத்தம், கறுப்பு மலம், காலில் சிவப்புப் புள்ளி இவற்றுக்கும் ஆஸ்பத்திரிதான். எனிமா, பின்வழியால் வைக்கும் மருந்து எதுவும் கூடாது, உள்ளே கீறல் பட்டால் கிருமி புகும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அது களைப்பு வீக்கமாக இராமல் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

வன்னி வீடுகளில் இந்த நாட்களில் வருத்தக்காரரைத் தள்ளி வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. சூடு அடிக்கும் களம், வைக்கோல் போர், நெல் மூட்டை அடுக்கிய அறை: அந்தத் தூசியில் உள்ள பூஞ்சண வித்து நுரையீரலில் போய்த் தங்கும். மாட்டுக் கொட்டில், கோழிக்கூடு துப்புரவாக்குவதும் அவருக்கு வேண்டாம். வயல் வரம்பில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம், எலிக்காய்ச்சலும் வெட்டுக்காயமும் சேர்ந்து வரும். நெல் வேலை நடக்கும் தை, மாசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவரை எட்ட இருக்கச் சொல்வது கஷ்டம். ஆயுள் முழுக்கக் கமம் செய்தவருக்கு வயலைப் பார்க்காமல் இருக்க மனம் கேட்காது. ஆரும் ஒருவர் பின்னேரத்தில் வாகனத்தில் வைத்துக் கூட்டிக்கொண்டு போய் றோட்டில் நின்று காட்டிவிட்டு வரலாம். இரவில் நுளம்பு வலை தவறாமல்.

வாய்ப்புண் ஐந்தாம் நாள் அளவில் தொடங்கும். கடையில் விற்கும் எரிகிற வாய்கொப்பளிப்பான் வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீர், தேக்கரண்டி மட்டமாக ஒன்று உப்பு, அதே அளவு அப்பச்சோடா. நாளுக்கு ஐந்தாறு தடவை, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்க முதலும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். மிஞ்சினதை இரவில் ஊற்றிவிட்டு விடியப் புதிதாகக் கலக்குங்கள். புண் வந்த பிறகு தொடங்குவதை விட மருந்து ஏற்றிய அன்றே தொடங்கினால் பலன் தெரியும். மிக மெத்தென்ற பிரஷ். வெற்றிலை, பாக்கு, புகையிலை கட்டாயம் நிற்க வேண்டும். பாக்கைத் தனியே எடுத்தாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003இல் அறிவித்தது. புகையிலை இல்லாமல் சும்மா பாக்கு மட்டும் போடுகிறேன் என்ற சமாதானம் சரிவராது. பழக்கத்தை விட முடியாமல் அந்தரப்படுபவருக்கு முன்னால் மற்றவர்களும் வெற்றிலைத் தட்டத்தை எடுக்காமல் இருப்பதுதான் துணை.

சாப்பாட்டில் விதி ஒன்றுதான்: அன்று சமைத்தது, சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக. வல்லாரைச் சம்பல், பச்சை இலைச் சம்பல், கடையில் வெட்டி வைத்த பழம், ஐஸ், கள்ளு, எப்படிக் காய்ச்சினது என்று தெரியாத சட்டித் தயிர் எல்லாம் ஏழு முதல் பதினாலு நாளுக்குள் வேண்டாம். வாழைப்பழம், தோடம்பழம் போன்று தோலுரித்துத் தின்னும் பழம் நல்லது, தோலையும் கழுவிவிட்டு உரியுங்கள். பால் நுரைத்துப் பொங்கக் காய்ச்ச வேண்டும். முட்டையின் மஞ்சள் கரு முழுதாக இறுக வேண்டும். சோற்றின் மணமே பிடிக்கவில்லை என்றால் கஞ்சி. அரைச் சுண்டு சிவப்புப் பச்சையரிசி, கால் சுண்டு வறுத்த பயறு, இரண்டையும் குழைய அவித்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, கொதிக்கும்போது அடித்த முட்டை ஒன்றைக் கையெடுக்காமல் கிண்டிக்கொண்டே ஊற்றி இன்னும் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். உப்பு அளவாக. மிளகாய் போடாதீர்கள். ஒரு பேணி நிறையக் கொடுத்துக் குடி குடி என்று நெருக்கினால் ஓங்காளிப்பார். அரைப் பேணி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அடுப்படி மணம் குமட்டலைக் கிளப்புவதால் தாளிக்கும் நேரத்தில் அவரை முற்றத்தில் இருத்துங்கள். கிழமைக்கு ஒரு முறை ஒரே தராசில் நிறை பாருங்கள். ஒரு கிழமையில் இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் உவர் போகாது, கல்லுத்தன்மையும் முழுதாகப் போகாது. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. சிஸ்பிளாற்றின் போன்ற மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும். வீட்டில் ஆருக்கும் சிறுநீரக வருத்தம் இருந்ததென்றால், வருத்தக்காரருக்கு முன்பே இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் எண்) கூடி இருந்ததென்றால் டொக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அவர் தடுத்தால் தவிர, நாளுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் குடிக்கக் கொடுங்கள். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனித் தூள், பக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில். வழமையை விட நாலு தடவை கூடப் போனால் ஆஸ்பத்திரி. கடையில் வயிற்றோட்டம் நிற்பாட்டும் மாத்திரை வாங்கிப் போடுவதை இந்த நேரத்தில் டொக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

நாட்டு மருந்து பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும். பட்டிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் மதிலடியிலும் கிணற்றடியிலும் தானாக முளைக்கும் அந்த ஊதாப் பூச்செடியில் இருந்துதான் வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்பட்டன. உலகெங்கும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்ரின் இன்றும் ஏற்றப்படுகிறது. ஆகவே செடியில் மருந்து இருக்கிறது என்று சொல்லும் பெரியம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்தை உடம்பின் அளவுக்குக் கணக்கிட்டு மில்லிகிராமில் ஏற்றுகிறார்கள், கொஞ்சம் கூடினாலும் நரம்புகள் செத்துக் கைகால் விறைக்கும், குடல் அசையாமல் நிற்கும். இலையை அவித்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது, செடி நச்சும் கூட. ஏற்கெனவே ஏறும் மருந்தோடு அது சேர்ந்து ஈரலைத் தாக்கினால் டொக்டருக்குக் காரணம் பிடிபடாது. அதனால் எந்தக் கசாயமாக இருந்தாலும், முள்ளுச்சீத்தா இலையாக இருந்தாலும், குடிக்க முதல் சொல்லுங்கள். குடித்துவிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பேச்சு விழும் என்று மறைப்பதால்தான் கேடு வருகிறது.

வருத்தம் பார்க்க வருவது எங்கள் வழக்கம். வராவிட்டால் குறை. வரட்டும். ஆனால் தடிமன், இருமல், காய்ச்சல், கண்நோய், அம்மாள் வருத்தம் உள்ள வீட்டில் இருந்து ஒருவரும் வரக் கூடாது என்று சொல்ல வீட்டுக்குள் ஒருவர் கடுமையாக இருக்க வேண்டும். அதை வருத்தக்காரர் சொல்ல முடியாது, மூத்த மகனோ மருமகளோ சொல்லலாம். கதிரைகளை மாமரத்துக்குக் கீழே போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது: காற்றோட்டம், கட்டிலைச் சுற்றிக் கூட்டமில்லை, கால் மணித்தியாலத்தில் எழும்பிப் போகவும் வசதி. கை கழுவச் சவர்க்காரமும் வாளியும் படலைக்குக் கிட்ட இருக்கட்டும். "எங்கட சின்னம்மாவுக்கும் இதே வருத்தம்தான், ஆறு மாசத்தில..." என்று தொடங்குபவரை உடனே கதை மாற்றிக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள்.

பிஸ்கற் பெட்டியும் ஹோர்லிக்ஸும் ஏற்கெனவே மேசை நிறைய இருக்கும். உண்மையில் தேவைப்படுவது வேறு. பத்தாம் நாள் இரவு வாகனம் தயாராக வைத்திருக்கும் ஒரு அயலவர். வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிடும் ஒரு தம்பி. பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கும் ஒரு மாமா. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் இரவில் வந்து படுத்து, துணைக்கு நிற்பவரை ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்ள விடும் ஒரு அக்கா. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த வேலைகளை எழுதி, கேட்டு வருபவரிடம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டில் உள்ள உறவுகள் மாறி மாறி ஃபோன் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்டு ஆளைக் களைப்பாக்குவார்கள். கிழமைக்கு ஒரு குரல் பதிவை ஒருவர் அனுப்பிவிட்டால் எல்லோருக்கும் போதும். பார்க்கிறவருக்கே மனம் உடைந்து நித்திரை இல்லாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம்.

தலைமுடி எல்லா மருந்துக்கும் கொட்டாது. கொட்டும் மருந்து என்றால் முதல் தடவை ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் தலையணையில் தெரியும். பெண்களுக்கு அது பெரிய அடி. முதலே தோள் அளவுக்கு வெட்டிவிட்டால் கொத்தாக விழுவதைப் பார்க்கும் துயரம் கொஞ்சம் குறையும். ஆனால் அது அவரின் முடிவு, வீட்டார் கத்தரிக்கோலோடு நிற்கக் கூடாது.

கரண்ட் பிடிக்கிறது என்று சனம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை வேறு கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளாந்தம் சில நிமிடம், பல கிழமை. வன்னியில் இருந்து தினமும் போய் வர ஏலாது, யாழ்ப்பாணப் பக்கத்தில் உறவு வீடோ தங்குமிடமோ முதலே பார்க்க வேண்டும். உடம்பில் கீறிய மைக்கோட்டை அழிக்கக் கூடாது, அது அழிந்தால் திரும்ப அளக்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய், பவுடர், சந்தனம், திருநீறு எதுவும் பூச வேண்டாம். தளர்ந்த பருத்திச் சட்டை.

வலிக்கு மோர்ஃபின் எழுதினால் "இனி முடிஞ்சுது" என்று வீட்டார் அழத் தொடங்குகிறார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருப்பவருக்கும் வலி கூடினால் மோர்ஃபின் கொடுப்பார்கள். மணித்தியாலக் கணக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி உச்சத்துக்கு வரும் வரை சேமித்து வைக்கக் கூடாது. முதல் நாளில் இருந்தே மலமிளக்கியும் கூட. தட்டி எழுப்பியும் எழும்பாமல் மூச்சு மெதுவானால் உடனே ஆஸ்பத்திரி. மோர்ஃபினைப் பெட்டியில் பூட்டி வையுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

காசு உதவிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். புற்றுநோயாளருக்கான மாதாந்த உதவிப் பணம், ஜனாதிபதி நிதியம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். டயக்னோசிஸ் கார்ட் பிரதி, அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம், வங்கிப் புத்தகப் பிரதி கையோடு இருக்கட்டும். சிகிச்சை முடிந்த பிறகு ஆறுதலாகப் போவோம் என்று நினைக்காதீர்கள். மாதங்கள் ஓடிவிடும்.

பத்தொன்பதாம் நாள் காலை எஃப்.பி.சி. குத்துங்கள். ரிப்போட்டைப் பின்னேரமே வாங்கி, எண்களைக் கொப்பியில் எழுதி, சரியென்றால் ஃபைலில் வையுங்கள். இருபதாம் நாள் இந்த மூன்று கிழமையில் நடந்ததை வருத்தக்காரரோடு இருந்து எழுதுங்கள்: எத்தனை தடவை சத்தி, எந்த நாள் வாய்ப்புண், விரல் விறைப்பு உண்டா, சட்டைப் பொத்தான் பூட்டக் கஷ்டமா. கிளினிக்கில் டொக்டருக்கு நேரம் குறைவு. அவர் "எப்பிடி இருந்தது" என்று கேட்கும்போது "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் மருந்தின் அளவை அவர் மாற்ற வழியில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே நீட்டுங்கள். இரவு எட்டு மணிக்குள் பையைக் கட்டி, துவாயும் பொலித்தீனும் மேலே இருக்கும்படி வைத்து, விடிய வரும் ஓட்டோக்காரருக்கு ஒருக்கால் ஞாபகப்படுத்திவிட்டுப் படுங்கள்.